இறங்காத உப்பு

உப்பளத்திலிருந்து ஒரு தொழிலாளி கப்பலுக்கு வருகிறாள் என்று கேள்விப்பட்டதும் பாக்கியசீலிக்கு முதலில் கோபம்தான் வந்தது. கிரீன்லாந்துக்கும் கனடாவுக்கும் நடுவே, காற்று முகத்தை வாரிக்கொண்டு போகிற அந்தக் கடலில் அவளுக்கு இது பதினோராவது குளிர்காலம். மந்திரிகள் வந்திருக்கிறார்கள், தொலைக்காட்சிக்காரர்கள் வந்திருக்கிறார்கள். இரண்டு நாள் தங்கி, படம் எடுத்துக்கொண்டு, குளிர் தாங்காமல் ஓடிப்போவார்கள். அவர்களிடம் சொல்வதற்கென்று தலைமையகம் எழுதிக் கொடுத்த வாசகங்கள் உண்டு. அவற்றைத் தூத்துக்குடிக்காரி ஒருத்தியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டுமே என்பதுதான் அவள் கோபத்துக்குக் காரணம்.

விஷயம் இதுதான். வைப்பாற்றுக்குத் தெற்கே கடற்கரையோரமாக இருபத்தெட்டு ஊர்கள் ஏற்கெனவே உப்பளமாகிவிட்டன. வடகடலில் உப்புக் கொட்டும் திட்டத்துக்கு இன்னும் மூன்று ஊர்கள் வேண்டும். ஊர்க்கூட்டம் சம்மதித்தால்தான் நிலம் கிடைக்கும். தொழிலாளர் சங்கம் ஒரே பிடியாக நின்றுவிட்டது: “நாங்க வாருத உப்பு அங்க போய் என்ன செய்யுதுன்னு எங்க ஆளு ஒருத்தர் பாத்துட்டு வந்து சொல்லட்டும். பொறகு கை தூக்குதோம்.” மூன்று ஊர்களில் ஒன்று முத்தூரணி. பாக்கியசீலி பிறந்த ஊர். அவள் தம்பி தனசிங் மனைவி மக்களோடு இன்னும் அங்கேதான் இருக்கிறான்.

சங்கம் தேர்ந்தெடுத்து அனுப்பிய ஆள் மாடத்தி. ஐம்பத்து மூன்று வயது. முப்பது வருஷம் பாத்தியில் உப்பு வாரியவள். உப்பு ஏற்றி வந்த கப்பலிலேயே, ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு, நாற்பத்தொரு நாள் பயணம் செய்து வந்தாள். சின்னப் படகிலிருந்து ஆய்வுக்கப்பலின் ஏணியில் அவளை ஏற்றிவிட்டபோது, மூன்று கம்பளிச் சட்டைகளுக்கு உள்ளே சேலைதான் கட்டியிருந்தாள். கண்ணுக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுவந்து பாக்கியசீலியைப் பார்த்தாள். வெயிலில் மின்னும் உப்பைப் பார்த்துப் பார்த்தே அவள் கண்ணில் பாதி போய்விட்டிருந்தது.

“நீங்கதான் தண்ணி அளக்குத மேடமா?”

“ஆமாக்கா. பேரு பாக்கியசீலி. முத்தூரணிதான் எனக்கும்.”

மாடத்தியின் முகம் மாறியது. “முத்தூரணியா! தனசிங்கு அக்காவா நீ? பொறவு என்ன மேடம் கீடம்னுட்டு” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை மரப்பட்டைபோல் இருந்தது.

மறுநாள் காலை பத்தரைக்கு வெளிச்சம் வந்ததும் பாக்கியசீலி அவளை மேல்தளத்துக்கு அழைத்துப்போனாள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை உப்புக் கப்பல்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் வயிற்றுக்குள் உப்பைக் கடல்நீரில் கரைத்து, இரண்டு பக்கமும் நீட்டிய குழாய்கள் வழியாகக் கடலில் விட்டுக்கொண்டிருந்தது. தளத்தின் கைப்பிடிகளில் பனி உறைந்து மெழுகுபோல வழிந்திருந்தது.

“கடல்ல இருந்து எடுத்த உப்பைக் கடல்லயே கொட்டவா இம்புட்டுப் பாடு?” என்றாள் மாடத்தி. கேலியாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

பாக்கியசீலி யோசித்தாள். எழுதிக் கொடுத்த வாசகம் நினைவுக்கு வந்தது. அதை விட்டுவிட்டாள்.

“நீங்க வந்த வழியில ஆப்பிரிக்கா முனையைச் சுத்துனீங்கல்லா? அங்க நம்ம கடல் தண்ணியும் உங்களோடயே சுத்தி வருதுக்கா. நம்ம இந்துமாக்கடல் தண்ணி சூடு, உப்பும் கூட. ஒரு ஜில்லா அகலத்துக்குப் பெரிய பெரிய சுழியா உருண்டு, அந்த முனையில இருந்து இந்தப் பக்கத்துக் கடல்ல வந்து விழும். விழுந்து, வடக்கே நகர்ந்து நகர்ந்து இங்ஙன வந்து சேரும். நீங்க நாற்பது நாள்ல வந்த தூரத்துக்கு அதுக்கு நாற்பது வருஷம்கூட ஆகும்.”

“வந்து?”

“இங்க இருக்கிற குளிர்காத்து அதோட சூட்டை உறிஞ்சிடும். உப்புத்தண்ணி, அதுலயும் குளிர்ந்த தண்ணினா கனம்தானே? கல்லுமாதிரி அடியில இறங்கும். அது இறங்குற இழுப்புலதான் பின்னால இருக்கிற தண்ணி எல்லாம் முன்னால வருது. உலகத்துல உள்ள கடல் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சூட்டையும் உப்பையும் கொடுத்து வாங்கிக்கிட்டுச் சுத்துறது இந்த இழுப்பாலதான். அந்தச் சுத்து ஒழுங்கா இருந்தாத்தான் காத்து ஒழுங்கா இருக்கும். காத்து ஒழுங்கா இருந்தாத்தான் நமக்கு மழை.”

“அது நின்னு போச்சு.”

“நின்னு போச்சு. அந்தா தெரியுதே, அந்தத் திசையில கிரீன்லாந்து. அங்க பனிமலை உருகி நல்ல தண்ணியா வந்து இந்தக் கடல் மேல மூடி போட்டுடுச்சு. நல்ல தண்ணி லேசு, இறங்காது. அதுக்குத்தான் உப்பு.”

மாடத்தி தலையசைத்தாள். “அடிபம்புல தண்ணி ஏறாட்டா மேல இருந்து ஒரு செம்பு ஊத்தி அடிப்போம்லா. அந்த மாதிரி.”

“அந்த மாதிரிதான்” என்றாள் பாக்கியசீலி. இத்தனை வருஷத்தில் ஒரு மந்திரியும் இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டதில்லை.

குளிர்காலத்துக்கு ஐந்து கோடி டன். ஐந்து நாடுகளின் கரைகளில் விளைந்து வந்தது. கடலை முழுவதும் உப்பாக்க அது போதாது. ஆனால் ஒரே இடத்தில், சரியான வாரத்தில் கொட்டினால் தண்ணீர் இறங்கத் தொடங்கும், தொடங்கினால் தானே இழுத்துக்கொள்ளும் என்பதுதான் கணக்கு. பாக்கியசீலியின் வேலை, நாளொன்றுக்கு ஆறு தடவை குப்பிகளைக் கடலுக்குள் இறக்கி, ஒவ்வோர் ஆழத்திலிருந்தும் நீரெடுத்து உப்பையும் சூட்டையும் அளப்பது. மேல்நீரில் லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் உப்பு இருந்தால் இறங்கும். அதற்குக் கீழே என்றால் இறங்காது.

பகல் பன்னிரண்டு மணிக்குக் குப்பிகள் மேலே வந்தன. அளவுக்கூடத்தில் மாடத்தி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, பாக்கியசீலி குப்பிகளைத் திறப்பதை உற்றுப் பார்த்தாள்.

“இது எந்தத் தண்ணி?”

“மேல்தண்ணிக்கா. அஞ்சு மீட்டர்.”

பாக்கியசீலி தடுப்பதற்குள் மாடத்தி விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். கண்ணை மூடினாள். பாத்திக்கு நீர் பாய்ச்சும்போது, கடல்நீரைத் தேக்கி வைக்கும் தெப்பத்துத் தண்ணீரை இப்படித்தான் ருசி பார்ப்பாள். கருவி வைத்து அளக்கிற மேற்பார்வையாளரே அவள் நாக்கைக் கேட்டுக்கொண்டு போன நாள்கள் உண்டு.

“சப்புன்னுல்லா இருக்கு” என்றாள். “நம்ம கரைத் தண்ணியைவிடக் கம்மி. எத்தனை நாளா கொட்டுதாக?”

“இந்தக் குளிர்காலத்துல அம்பத்தாறு நாள்.”

“அம்பத்தாறு நாள் இத்தனை கப்பல் கொட்டியும் இவ்வளவுதானா?”

கருவியின் திரையில் எண் வந்து நின்றது. முப்பத்திரண்டு புள்ளி ஆறு. பாக்கியசீலி அதைக் கையால் மறைக்கவில்லை. மறைத்தாலும் மாடத்திக்கு அந்தத் தூரத்தில் தெரிந்திருக்காது. நாக்குக்குத் தெரிந்ததை எதைக் கொண்டு மறைப்பது?

“தங்கச்சி” என்றாள் மாடத்தி. “இறங்குதா, இல்லியா?”

வேலைக்குச் சேரும்போது பாக்கியசீலி கையெழுத்துப் போட்ட காகிதத்தில், அளவுகளை வெளியாரிடம் சொல்லக்கூடாது என்று இருந்தது. ஆறு வருஷமாக அவள் எழுதி அனுப்பும் அறிக்கைகளுக்கு ஒரே பதில்தான் வந்துகொண்டிருந்தது: மேலும் தரவுகள் தேவை, அளவீட்டைத் தொடரவும். ஆறு வருஷம் அவள் வாய்க்குள் கிடந்து புளித்துப்போயிருந்த சொல் ஒன்று உண்டு. சொல்லிவிட்டாள்.

“இறங்கலக்கா.”

அதன்பிறகு மற்றதெல்லாம் தானாக வந்தது. முதல் வருஷம் அந்த நன்னீர் மூடியின் தடிமன் நாற்பது மீட்டர். இப்போது நூற்றுத் தொண்ணூறு. இவர்கள் கொட்டுவதைவிடப் பனிமலை கொட்டுவது அதிகம். உப்பு மூடிக்குள்ளேயே கரைந்து, மேற்கே போகும் நீரோட்டத்தோடு போய்விடுகிறது. நான்காம் வருஷம் மட்டும் பத்தொன்பது நாள் தண்ணீர் இறங்கியது. அதை உலகமெல்லாம் கொண்டாடியது. தூத்துக்குடியில் வெடி வெடித்தார்கள்.

“ஆமா. நானும் மிட்டாய் வாங்கிக் குடுத்தேன்” என்றாள் மாடத்தி.

“அது நம்ம உப்பு இல்லக்கா. அந்த வருஷம் தெற்கேயிருந்து நல்ல உப்புத்தண்ணி ஒரு மடை வந்துச்சு. எப்பவோ நாற்பது வருஷத்துக்கு முன்னால நம்ம கடல்ல இருந்து முனை சுத்திப் புறப்பட்டது, அந்த வருஷம் இங்க வந்து சேர்ந்தது. நாம கொட்டாம இருந்தாலும் அந்தப் பத்தொன்பது நாள் இறங்கியிருக்கும். நான் ரெண்டு வருஷம் உக்காந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.”

“அந்த மாதிரி இன்னொண்ணு வராதா?”

“இழுப்பு நின்னுபோச்சே. பின்னால வர்றது வருஷா வருஷம் சுருங்கிக்கிட்டே போகுது.”

மாடத்தி எழுந்து, நனைந்த விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள்.

இரண்டு நாள் அவள் வெளியே வரவில்லை. சாப்பாட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள் பாக்கியசீலி. பயமாகவும் இருந்தது, ஆறு வருஷத்தில் முதல்முறையாக நெஞ்சு லேசாகவும் இருந்தது. மாடத்தி ஊருக்குப் போய் உண்மையை உடைப்பாள். சங்கம் கொதிக்கும். வேலை போகும், போகட்டும். முத்தூரணியின் ஊரணி தப்பும். அந்தக் கரையில் இன்னும் வாயில் வைக்க முடிகிற தண்ணீர் அந்த மூன்று ஊர்களில் மட்டும்தான் இருந்தது. மற்ற இடங்களில் உப்பளம் வந்த நாலே வருஷத்தில் கிணறெல்லாம் கரித்துப்போனது. கரித்த தண்ணீரைக் குடித்த ஜனங்களுக்குச் சிறுநீரகம் சுருங்கியது. திட்டமே தூத்துக்குடிக்கு வெளியே பெரிய ஆஸ்பத்திரி ஒன்று கட்டி, ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரங்களை வரிசையாகப் போட்டிருந்தது.

மூன்றாம் நாள் மதியம் மாடத்தி அளவுக்கூடத்துக்கு வந்து அதே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“என் மக பேரு இசக்கியம்மா. இருபத்து நாலு வயசு. வாரம் மூணு நாள் அந்த ஆஸ்பத்திரியில கிடக்கா. அவளைச் சேத்து அங்க நானூறு பேரு.” ஸ்டூலை அருகே நகர்த்திக்கொண்டாள். “உண்மை வெளிய தெரிஞ்சு இந்தக் கொட்டுததை நிறுத்திட்டா ஆஸ்பத்திரி இருக்குமா?”

பாக்கியசீலி இதை எதிர்பார்க்கவில்லை. “திட்டத்தோட ஆஸ்பத்திரிதானேக்கா அது.”

“இருக்காது.”

“சர்க்கார் எடுத்து நடத்தலாம். கேட்கலாம்.”

“சர்க்கார் ஆஸ்பத்திரியில ஒரு மிசினுக்கு அறுபது பேரு வரிசையில நிக்கான். பாத்துட்டுத்தான் வாரேன்.” மாடத்தி நிமிர்ந்தாள். “சரி. நிறுத்துனா மழை வருமா?”

“வராது.”

“நிறுத்தாம கொட்டுனா?”

“அப்பவும் வராது.”

“அப்பம் ரெண்டும் ஒண்ணுதான்.”

“ஒண்ணு இல்லக்கா!” பாக்கியசீலியின் குரல் உயர்ந்துவிட்டது. “நிறுத்தினா மூணு ஊரு தண்ணி மிஞ்சும். எங்க ஊரணி மிஞ்சும்.”

“எத்தனை நாளைக்கு?”

பாக்கியசீலிக்குப் பொய் சொல்ல வரவில்லை. மழையே இல்லாமல் ஊரணி எத்தனை நாள் நிற்கும்? தனசிங் போன மாதம் பேசும்போது சொன்னான், படியில் பதினாலு தெரிகிறது என்று. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கோடையில்கூட நாலு படிக்கு மேல் தெரிந்ததில்லை.

“அஞ்சு வருஷம்” என்றாள். “ஆறாக்கூட இருக்கலாம்.”

“ம்.” மாடத்தி எழுந்தாள்.

“அக்கா, இந்த அளவுகளை எல்லாம் தாள்ல எடுத்துத் தாரேன். கூட்டத்துல யாரும் நம்பலைன்னா காட்டலாம்.”

“தாள் வேண்டாம் தாயி. எனக்கு எழுத்து தெரியாது, வாயால சொல்லிக்கிடுதேன்.” வாசலில் நின்று திரும்பினாள். “நீ என்கிட்ட மறைக்காம சொன்னியே, அதை நான் மறக்க மாட்டேன்.”

மறுநாள் துறைமுகத்துக்குப் போகும் கப்பலில் அவளை ஏற்றிவிட்டார்கள். அங்கிருந்து விமானம்.

பங்குனியில் ஊர்க்கூட்டம் நடந்தது. அன்று பாக்கியசீலி தன் துணிமணிகளைப் பெட்டியில் அடுக்கி வைத்துவிட்டு, ராஜினாமாக் கடிதத்தையும் எழுதி முடித்துவிட்டுத்தான் கூட்டத்தின் நேரலை ஓடும் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். கப்பலில் காலை ஆறரை. தூத்துக்குடியில் மதியம் தாண்டியிருந்தது. உப்பள அலுவலகத்து மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். பந்தலுக்கு வெளியேயும் ஜனம் நின்றது. தனசிங் முன்வரிசையில் தன் பெண்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மாடத்தி மேடையேறினாள். ஒலிபெருக்கியை யாரோ அவள் உயரத்துக்குத் தாழ்த்திக் கொடுத்தார்கள்.

“நான் போய்ப் பாத்துட்டேன்” என்று ஆரம்பித்தாள். “எனக்குக் கண்ணு சரியில்லன்னு உங்களுக்கே தெரியும். அதனால நாக்கால பாத்தேன். அந்தத் தண்ணியை எடுத்து வாயில வச்சேன். நம்ம உப்பு.”

வெளியே நின்றவர்கள் பந்தலை நெருங்கி வந்தார்கள்.

“நம்ம கடல் தண்ணிதான் ஆப்பிரிக்காவைச் சுத்தி அங்க போகுது. நாற்பது வருஷம் நடந்து போகுது. போயி, குளிர்ல கனத்து, அடியில இறங்கணும். பனி உருகி மேல மூடிக்கிட்டதால இறங்க முடியாம கிடந்துச்சு. நாம அடிபம்புக்கு ஒரு செம்புத் தண்ணி ஊத்துவோம்லா, அந்த மாதிரி நம்ம உப்பை ஊத்துதாங்க.” நிறுத்தினாள்.  “இறங்குது. தடதடன்னு இல்ல. தெப்பத்துல மடையைத் திறந்துவிட்டா முதல்ல மேல ஒண்ணும் தெரியாதுல்லா, ஆனா அடியில இழுக்கும்லா, அப்படி இறங்குது.”

பாக்கியசீலி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து கேட்டார். “மழை எப்பம் வரும் மாடத்தி?”

“சுத்தி வரணும் அண்ணாச்சி. இன்னைக்கு இறங்குத தண்ணி என்னைக்குச் சுத்தி வந்து மேகமாகும்னு யாரு கண்டா? நம்ம காலத்துல இல்ல. பிள்ளைக காலத்துல வரும். அதுவரைக்கும் கையை விட்டுரக் கூடாது. விட்டா அம்புட்டும் பாழு.”

“நீ சொல்லுததை எப்படி நம்ப?” என்றாள் ஒருத்தி. முத்தூரணிக்காரிதான், பாக்கியசீலிக்கு முகம் அடையாளம் தெரிந்தது, பேர் வரவில்லை.

“என்னை நம்ப வேண்டாம். அங்க தண்ணி அளக்குதது யாருன்னு நெனைக்கிய? உங்க ஊருப் பிள்ளை. இந்தா உக்காந்திருக்கானே தனசிங்கு, அவன் அக்கா. என்கிட்ட எதையும் மறைக்கல. அது அளந்து சொன்னதைத்தான் நான் இங்க சொல்லுதேன்.”

சொல்லிவிட்டு மாடத்தி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். வியர்வையைத் துடைக்கிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். பந்தலில் முதலில் ஒரு கை எழுந்தது. பிறகு பத்து, நூறு. தனசிங் தன் கையோடு மகள் கையையும் சேர்த்துத் தூக்கிப் பிடித்தான்.

பாக்கியசீலி திரையை அணைக்கக்கூட இல்லை. ஏமாற்றிவிட்டாளே என்று ஆத்திரமாக வந்தது. ஆனால் அந்த ஆத்திரம் எங்கேயும் போய் நிற்க மறுத்தது. நானூறு பேரின் பக்கத்தில் ஊரணியின் ஐந்து வருஷத்தை வைத்துப் பார்த்தாள். எந்தப் பக்கம் கனம் என்று அவள் கருவியால் அளக்க முடியவில்லை. இரண்டு பக்கமும் கடைசியில் ஒன்றும் மிஞ்சப்போவதில்லை என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. மாடத்தி அதை இரண்டே நாளில் கண்டுகொண்டிருக்கிறாள். தனக்குத்தான் ஆறு வருஷம் ஆகியும் அளந்துகொண்டே இருக்கத் தோன்றியது.

கைப்பேசி அதிர்ந்தது. தனசிங்.

“அக்கா! பாத்தியா? நம்ம ஊரு முழுசும் கை தூக்கிட்டு!” பின்னால் ஜனங்களின் இரைச்சல் கேட்டது. “ஆனா மத்த ஊருல நாலஞ்சு பேரு இன்னும் இழுத்துக்கிட்டு நிக்கான். உன் வாயால ஒரு வார்த்தை கேக்கணுமாம். ஒலிபெருக்கி பக்கத்துல பிடிச்சிருக்கேன், சொல்லுக்கா. தண்ணி இறங்குதுல்லா?”

இரைச்சல் அடங்கியது. ஆயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது அத்தனை தூரத்திலிருந்தும் கேட்டது. அந்த ஆயிரத்தில் எங்கோ மாடத்தியும் நின்றிருப்பாள். இப்போது உண்மையைச் சொன்னால் அவளால் அந்தக் கரையில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. இசக்கியம்மா இந்த வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போவாள். அடுத்த வருஷம் போவதற்கு இடம் இருக்காது. ஊரணி ஐந்து வருஷம் இருக்கும்.

“இறங்குது” என்றாள் பாக்கியசீலி.

கைதட்டல் வெகுநேரம் நீடித்தது. யாரோ குலவை இட்டார்கள். தனசிங் கூட்டத்தை விட்டு ஒதுங்கி வந்து மறுபடி பேசியபோது அவன் குரல் தழுதழுத்திருந்தது.

“நீ அங்க இருக்கிறதுக்கு நாங்க குடுத்து வச்சிருக்கணும்க்கா. வார திங்கக்கிழமை ஊரணியை மூடுதாங்களாம். கடைசித் தண்ணியில உனக்குன்னு ஒரு குடம் எடுத்து வைக்கட்டுமா? நீ வரும்போது குடிக்கலாம்.”

வெளியே ஏழு மணி அளவீட்டுக்குக் குப்பிகளை இறக்கும் இயந்திரம் ஓடத் தொடங்கியது.

“வேண்டாம்டா” என்றாள் அவள். “பிள்ளைங்க குடிக்கட்டும்.”